ஆபரேஷன் தியேட்டரா, வார்டா... கொரோனா யாரை அதிகம் தொட்டது?

'ஆஸ்பத்திரியில கொரோனா யாருக்கு அதிகமா வந்திருக்கும்?' என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? 'ஐ.சி.யூ டாக்டர், ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்' என்றுதானே! இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் நடந்த ஆய்வு அந்தக் கணக்கையே மாற்றிப்போட்டது.

2020 ஏப்ரல் 24, 25 தேதிகளில் அங்குள்ள அரசு மருத்துவமனை ஊழியர்கள் 545 பேரைப் பரிசோதித்தார்கள். காய்ச்சல், இருமல் எதுவும் இல்லாமல் டியூட்டிக்கு வந்திருந்தவர்கள் இவர்கள். இரண்டு விதமான டெஸ்ட். மூக்கில் சளி எடுத்துப் பார்ப்பது, 'இப்போ வைரஸ் இருக்கா?' என்று சொல்லும். ரத்தத்தில் ஆன்டிபாடி பார்ப்பது, 'ஏற்கெனவே வந்துட்டுப் போயிருக்கா?' என்று சொல்லும்.

வைரஸ் இருந்தது 2.4 சதவிகிதம் பேருக்குத்தான். ஆனால், ஆன்டிபாடி இருந்ததோ 24.4 சதவிகிதம் பேருக்கு!

யாருக்கு அதிகம்?

துப்புரவுப் பணியாளர்கள் - 34.5%
அவசரமாகச் சேர்க்கப்படும் நோயாளிகளுக்கான மருத்துவப் பிரிவு - 33.3%
பொது மருத்துவம் - 30.3%
ஐ.சி.யூ - 14.8%
பொது அறுவை சிகிச்சைப் பிரிவு - 13%

ஏன் இப்படி? அன்றைய விதிப்படி, ஐ.சி.யூ-வில் உயர்தர மாஸ்க், முழுக்கவசம். சாதாரண வார்டில் வெறும் சர்ஜிக்கல் மாஸ்க்தான். அறுவை சிகிச்சைப் பிரிவிலோ, அவசரமில்லாத ஆபரேஷன்களைத் தள்ளிவைத்திருந்தார்கள். இவையெல்லாம் காரணமாக இருக்கலாம்.

அதற்காக, '13 சதவிகிதம்தானே' என்று விட்டுவிட முடியாது. அது எட்டுப் பேரில் ஒருவர்! இன்னொன்றையும் கவனியுங்கள். 'எனக்கு உடம்புக்கு எதுவுமே வரலையே' என்று சொன்னவர்களிலும் 17.1 சதவிகிதம் பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. அதாவது, ஆறு பேரில் ஒருவருக்குத் தெரியாமலேயே வந்துபோயிருக்கிறது.

நமக்கு என்ன பாடம்?

* 'ஜுரம் இல்ல, அதனால கொரோனாவும் இல்ல' என்பது தப்புக்கணக்கு. ஆபரேஷன் முடிந்தவரைப் பார்க்கப் போனால் மாஸ்க் போடுங்கள். லேசான சளி இருந்தால்கூட போகாதீர்கள். போனில் நலம் விசாரித்தால் போதும்.

* ஆன்டிபாடி இருந்தாலும் மறுபடி தொற்று வரலாம். நாளாக நாளாக அதன் அளவு குறையும்.

* வார்டைக் கூட்டித் துடைப்பவரும் மருத்துவக் குழுவில் ஒருவர்தான். சர்ஜனுக்குக் கிடைக்கிற பாதுகாப்பு அவருக்கும் கிடைக்க வேண்டும். அது அவருக்கு மட்டுமல்ல, பெட்டில் படுத்திருக்கும் உங்கள் வீட்டு நோயாளிக்கும் சேர்த்துத்தான்!