அறுவை மில்லும் பரோட்டாக் கல்லும்

செங்கோட்டைப் பக்கம் மர அறுவை மில்லும் நிறைய, பரோட்டாக் கடையும் நிறைய. காலையில் ரம்பத்தின் முன் நிற்கும் ஆளே சாயங்காலம் பரோட்டா மாஸ்டராகவும் நிற்பார். அப்படி ஒருவருக்கு மில்லில் வலது கட்டைவிரல் போய்விட்டது. வயது 40. மில்லில் மாதம் 7,000, கடையில் 8,000. கட்டைவிரல் போனபின் மாவை வீசுவது எப்படி? ஒரே விபத்தில் இரண்டு வருமானமும் நின்றன.

அவருக்காக மனு எழுத உட்கார்ந்தபோதுதான் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு எவ்வளவு குறுகலானது என்று உறைத்தது. நட்டஈடு தர வேண்டிய முதலாளி, விபத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் தர வேண்டியிருந்த கூலியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதுதான் மாதச் சம்பளம். வேறு இடத்தில் சம்பாதித்தது கணக்கில் சேராது. அட்டவணைப்படி கட்டைவிரலுக்கு 30 சதவீதம், 40 வயதுக்கான காரணி 184.17. சம்பளத்தில் 60 சதவீதத்தை இவற்றால் பெருக்கினால் 7,000-க்குக் கிடைப்பது சுமார் 2 லட்சத்து 32 ஆயிரம். இரண்டு சம்பளத்தையும் சேர்த்திருந்தால் 4 லட்சத்து 97 ஆயிரம்.

இந்தக் குறை தெரியாமல் நேர்ந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கிலாந்தின் 1906-ஆம் ஆண்டு நட்டஈட்டுச் சட்டத்தில் இதற்கு வழி இருந்தது. ஒரே காலத்தில் இரண்டு, மூன்று முதலாளிகளிடம் மாறி மாறி வேலை செய்பவர் அடிபட்டால், எல்லா இடத்துச் சம்பளத்தையும் விபத்து நடந்த இடத்திலேயே சம்பாதித்ததுபோல் கூட்டிக் கணக்கிட வேண்டும் என்று அதன் முதல் அட்டவணை சொன்னது. பதினேழு ஆண்டு கழித்து அதே ஆட்சி இந்தியாவுக்கு எழுதிய சட்டம் 1924 ஜூலை 1-இல் அமலுக்கு வந்தது. 5-ஆம் பிரிவில் அந்த வழி இல்லை.

இத்தனைக்கும் அதே சட்டம் ஊனத்தை அளக்கும்போது தாராளமாகப் பேசியது. நிரந்தரப் பகுதி ஊனம் என்றால், அந்த ஆள் செய்யக்கூடியதாக இருந்த ஒவ்வொரு வேலையிலும் சம்பாதிக்கும் திறன் குறைவது என்றது அதன் 2-ஆம் பிரிவு. இடது கை வெட்டி எடுக்கப்பட்ட ஒரிசாத் தச்சர் ஒருவருக்கு முழு ஊனத்துக்கான நட்டஈடு சரியே என்று 1975-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோதும், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியுமா என்றுதான் பார்த்தது. இழப்பை அளக்க எல்லா வேலையும் வேண்டும், பணத்தை அளக்க மட்டும் ஒரு வேலை போதுமா?

வேலை பார்த்த ஒவ்வொரு இடத்திலும் கூலிச் சீட்டு இருந்தால் கூட்டிப் பார்ப்பது கடினமல்ல. கடைக்காரர் சாட்சி சொன்னாலும் போதும். முழுச் சுமையும் மில்காரர் தலையில் விழுமே என்ற பயம் நியாயமானதுதான். கட்டாயக் காப்பீடு அதற்கு வழி. குறையைச் சரிசெய்ய வாய்ப்பும் வந்தது. 2009 திருத்தம் சட்டத்தின் பெயரை மாற்றியது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு பழைய சட்டத்தையே உள்வாங்கிக்கொண்டது. பன்னிரண்டில் ஒரு பங்குக் கணக்கு மட்டும், அதே முதலாளியின் கூலியை மட்டும் வைத்து, அப்படியே தொடர்கிறது.