கையை விட்டால் என்ன ஆகும்?

முகூர்த்த நாளில் மேலூர் கல்யாண மண்டபம் பக்கம் போனால் பார்க்கலாம். வாசலில் ஒரு பையன் ரிமோட்டோடு நிற்பான். தலைக்கு மேல் நாலு விசிறி வைத்த டிரோன், மாப்பிள்ளை ஊர்வலத்தைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும். பையன் ஸ்டிக்கிலிருந்து விரலை எடுத்தால்..? விழாது. காற்று தள்ளினால் லேசாகச் சாய்ந்து, தானே சமமாகிவிடும்.

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை மாதிரி என்று நினைப்பீர்கள். இல்லை. பொம்மைக்கு அடியில் கனம் இருக்கிறது. டிரோனுக்கு அப்படி எதுவும் கிடையாது. நாலு மோட்டார்களின் வேகத்தையும் விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை கூட்டிக் குறைப்பதால்தான் நிற்கிறது.

பறக்கிற வண்டி தானே நிமிரலாமா, கூடாதா? இந்தச் சண்டைக்கு நூறு வயதுக்கு மேல். 1903-ல் பறந்த ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். சைக்கிளை ஓட்டுபவன்தானே சாயாமல் பார்த்துக்கொள்கிறான்? அவர்கள் விமானமும் அப்படியே. கையை விட்டால் கதை முடிந்தது!

1914 ஜூன். பாரீஸ் அருகே ஸேன் நதி. லாரன்ஸ் ஸ்பெரி என்ற 21 வயது அமெரிக்கர், தன் விமானத்தில் சுழலும் 'கைரோஸ்கோப்' கருவியைப் பொருத்திக்கொண்டு வந்தார். கூட்டத்தைக் கடக்கும்போது இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். அடுத்த சுற்றில் உதவியாளர் எமில் காஷான் இறக்கைமேல் ஏறி நடந்தார். அதற்கடுத்த சுற்றில் இவர் ஒரு இறக்கையில், அவர் மறு இறக்கையில். ஓட்டும் இருக்கை காலி! 50,000 ஃபிராங்க் பரிசு. அதே லாரன்ஸ் 1923 டிசம்பரில் சின்ன விமானமொன்றில் இங்கிலீஷ் கால்வாயைக் கடக்கப் புறப்பட்டு, கடலில் இறந்துபோனார்.

தானாகப் பறக்கவைக்கும் வித்தையில் நம்மூர்ப் பங்கும் உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் 'தக்ஷா' குழு, 2018-ல் ஆஸ்திரேலியப் போட்டியில் இரண்டாமிடம் பிடித்தது. ஆளில்லா விமானம் தூரத்தில் தானே போய் இறங்கி, ரத்த மாதிரியை வாங்கி வரவேண்டும். குழுவுக்கு ஆலோசகர் நடிகர் அஜித். (விசில் அப்புறம் அடிக்கலாம்!)

சரி, குட்டிக்கரணம் போடவேண்டுமென்றால்? தானே நிமிரும் 'ஆங்கிள்' முறை ஓர் அளவுக்கு மேல் சாயவே விடாது. 'ஆக்ரோ' முறையில் எவ்வளவும் சுழலலாம். நிமிர்த்துவது உங்கள் பாடு. நடுவே பிறந்தது 'ஹொரைஸன்'. ஸ்டிக் நடுவில் இருந்தால் தானே நிமிரும். ஓரத்துக்குத் தள்ளத் தள்ள அந்தப் பிடி தளரும், கரணம் போடலாம்.

கேட்க சுலபம். ஆனால், பாதிக் கரணத்தில் ஸ்டிக்கை விட்டால், தலைகீழாக இருக்கும்போதே வெடுக்கென்று நிமிரப் பார்க்கும். மதுரை பஸ்ஸில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறீர்கள், டிரைவர் சடன் பிரேக் போடுகிறார். பஸ்ஸே முன்பக்கம் சரிந்தது போலிருக்காதா? டிரோனின் சென்ஸருக்கும் அதே மயக்கம். 2010-களில் மல்டிவீ, கிளீன்ஃப்ளைட், பீட்டாஃப்ளைட் என்று இலவச மென்பொருள் எழுதியவர்கள் இதோடு மல்லுக்கட்டினார்கள். ஸ்டிக்கை மட்டும் பார்க்காமல், எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்தார்கள். வெடுக்கு குறைந்தது.

ஆனாலும் பந்தய டிரோன் ஓட்டும் கைதேர்ந்தவர்கள் நாடுவது ஆக்ரோவைத்தான். பழைய சைக்கிள் கடைக்கே திரும்பிவிட்டார்கள்!

மேலூர்ப் பையனிடம் கரணம் கேட்டுவிடாதீர்கள். கீழே பந்தி நடக்கிறது.