பெயரில்லாத ஆறு பேர்

2000-களின் தொடக்கத்தில், மணிமுத்தாற்றிலிருந்து கல்லிடைக்குறிச்சிக்குப் போகிற வழியில் ஒரு சுவருக்குப் புள்ளிராஜா வந்து சேர்ந்தார். அவருக்கு எய்ட்ஸ் வருமா என்று தமிழ்நாடே கேட்டுக்கொண்டிருந்த காலம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்கள் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி நிற்போம். விளம்பரத்துக்காகப் பிறந்த ஆண் அவர். அவருக்குக்கூட ஒரு பெயர் இருந்தது. அந்தக் கிருமி இந்தியாவுக்குள் வந்துவிட்டதைத் தங்கள் ரத்தத்தால் தெரியப்படுத்திய ஆறு பெண்களுக்குப் பெயர் இல்லை என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

1985-இன் இறுதி. சென்னை மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் துறையில் சுனிதி சாலமன் தன் முதுநிலை மாணவி நிர்மலாவிடம் ஆய்வேட்டுக்கு ஒரு தலைப்பைச் சொன்னார்: தமிழ்நாட்டில் எய்ட்ஸ் இருக்கிறதா என்று தேடுவது. அது வெளிநாட்டு நோய், நம் ஒழுக்கத்தைத் தாண்டி இங்கே வராது என்று பலரும் நம்பிய நேரம். நிர்மலாவுக்கு 32 வயது, இரண்டு சிறு குழந்தைகள். தயங்கினார். கணவர் ராமமூர்த்தி ஊக்கம் தந்தார்.

ரத்தம் எடுக்க அவர் போன இடங்களில் ஒன்று, பாலியல் தொழிலுக்காகக் கைதான பெண்களை அடைத்துவைத்திருந்த மயிலாப்பூர் இல்லம். மூன்று மாதங்களில் 80-க்கும் மேற்பட்ட மாதிரிகள். கையுறை கிடையாது. பிரித்தெடுத்த சீரத்தைத் தன் வீட்டு ஃபிரிட்ஜிலேயே வைத்தார். 1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியோடு கணவனும் மனைவியும் காட்பாடிக்கு ரயில் ஏறினார்கள். வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. அமெரிக்காவில் செய்த மறுசோதனையும் அதை உறுதிசெய்தது. மே மாதம் அமைச்சர் ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார்.

எதற்கான சோதனை என்று அந்தப் பெண்களிடம் தான் சொல்லவில்லை என்பதை நிர்மலா பின்னாளில் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அவர்கள் நினைத்தார்கள். ஆய்வுக்கு உட்படுபவரின் சம்மதம் வேண்டும் என்று ஹெல்சிங்கி பிரகடனம் 1964-லேயே சொல்லியிருந்தது. வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: “மாட்டேன்னு சொல்ல அவங்களால முடிஞ்சிருக்குமா மேடம்?” ஜாமீன் கட்டப் பணமில்லாமல் உள்ளே இருப்பவர்கள் யாரிடம் மாட்டேன் என்பது? எச்.ஐ.வி. சோதனைக்கு முன் விளக்கிச் சொல்லிச் சம்மதம் பெறவேண்டும் என்று இந்தியாவில் தனிச் சட்டம் வந்தது 2017-இல்.

இதைச் சொல்வதால் அந்த இரு பெண்களின் உழைப்பு குறைந்துவிடாது. சுனிதி 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கினார். எய்ட்ஸ் என்றாலே மருத்துவர்களும் விலகி நின்ற நாட்களில் நோயாளிகளைத் தொட்டுப் பார்த்தார். தொற்றுள்ள ஆண்களுக்கும் பெண்களுக்கும் வரன் பார்த்துக் கல்யாணம் செய்துவைத்தார். அந்த மையத்திலிருந்து 2000-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அங்கே வந்த தொற்றுள்ள பெண்களில் பெரும்பாலோர் கணவனைத் தவிர வேறு யாரையும் அறியாதவர்கள் என்று காட்டியது. ‘ஒழுக்கங்கெட்டவர்களின்’ நோய் என்று சொல்லப்பட்டது குடும்பப் பெண்ணுக்குத் தாலி கட்டியவன் வழியாகவே வந்தது. பழி மட்டும் இல்லத்தில் அடைபட்ட பெண்கள் மேலேயே தங்கிவிட்டது.

அவர்களின் பெயர்களைத் தோண்டியெடுக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அது அவர்களுக்குச் செய்யும் இன்னொரு தீங்கு. ஆனால் ஓர் ஆய்வகத்தின் பின்னால் இருப்பவர்கள் என்றால் வெள்ளை அங்கி அணிந்தவர்கள் மட்டும்தானா? கரும்பலகையில் சுனிதி சாலமன் என்று எழுதுகிறேன். அதன் கீழே நிர்மலா. அதற்கும் கீழே, அதே அளவு எழுத்தில்: ஆறு பெண்கள், மயிலாப்பூர், 1986.