கூடாரம், பெண், நாய்: மூன்று கல்லுகளின்ர கதை

கல்லுக்கு ஆராவது பேர் வைப்பினமா? கிறீன்லாந்தின் வடமேற்கில் கேப் யோர்க் பக்கம் வாழ்ந்த இனுயிட் சனம் வைச்சிருந்தது. வானத்திலிருந்து விழுந்த மூன்று பெரிய இரும்புக் கல்லுகளை அவர்கள் கூடாரம், பெண், நாய் எண்டு கூப்பிட்டார்கள். தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும், அவளின் நாயையும் கூடாரத்தையும் ஒரு கெட்ட ஆவி வானத்திலிருந்து தள்ளிவிட்டதாம். அதுதான் கதை.

கதை மட்டுமில்லை, அந்தக் கல்லுகள் பிழைப்பும்தான். இரும்பை உருக்க வழியில்லாத இடத்தில், கருங்கல்லால் அடித்தடித்துச் சின்னத் துண்டுகளைப் பெயர்த்துக் கத்தியும் ஈட்டிமுனையும் செய்தார்கள். 1818இல் அங்கு போன ஜோன் றொஸ், இவர்களிடம் இரும்புக் கத்தி இருப்பதைக் கண்டு அதிசயப்பட்டார். ஆனால் கல்லுகள் கிடந்த இடத்துக்கு அவரால் போக முடியவில்லை.

1894இல் அமெரிக்கரான றொபேட் பியரியை ஒரு உள்ளூர் வழிகாட்டி அங்கு கூட்டிக்கொண்டு போனார். அடுத்த வருசமே 3 தொன் 'பெண்'ணும் ஏறத்தாழ 400 கிலோ 'நாயும்' கப்பலேறின. 31 தொன் 'கூடார'த்தை 1897இல்தான் ஏற்ற முடிந்தது. கப்பலில் வைத்து பியரியின் சின்ன மகள் அதற்குத் தன்ர நடுப்பெயரைச் சூட்டினாள்: அனிகிற்றோ. பிறகு மூன்றும் 40,000 டொலருக்கு நியூயோர்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று நூதனசாலைக்கு விலைப்பட்டன.

அந்த நேரம் இனுயிட் சனத்துக்குப் பண்டமாற்றில் இரும்பு கிடைக்கத் தொடங்கியிருந்தது உண்மைதான். 'இனி அவையளுக்குத் தேவையில்லைத்தானே' எண்டு சொல்லலாம். ஆனால் தேவை முடிஞ்சால் உரிமையும் முடிஞ்சிடுமா?

அதே 1897இல், அதே கப்பலில் ஆறு மனிதர்களும் கொண்டுபோகப்பட்டார்கள். சில மாதங்களுக்குள் நான்கு பேர் நோயில் செத்துப்போனார்கள். அதில் ஒருவர் கிசுக். அவரின் சின்ன மகன் மினிக்குக்குக் காட்ட ஒரு பொய்ச் சவ அடக்கம் நடத்தினார்கள். புதைத்தது ஒரு மரக்கட்டையை. தகப்பனின் எலும்புக்கூடு நூதனசாலையில் இருந்தது. வளர்ந்த பிறகு அதைத் தெரிந்துகொண்ட மினிக் எலும்புகளைத் திருப்பித் தரச்சொல்லிக் கேட்டும் கிடைக்கவில்லை. 1918இல் அவரும் இறந்துபோனார். நான்கு பேரின் எலும்புகளும் 1993இல்தான் கிறீன்லாந்தின் கானாக் ஊரில் அடக்கம் செய்யப்பட்டன.

கல்லுகள் திரும்பவில்லை. 'கூடாரம்' இப்பவும் நியூயோர்க்கில்தான். அதைத் தாங்கும் தூண்கள் கட்டடத்துக்குக் கீழே பாறைவரை இறங்கியிருக்கு. 1963இல் கண்டுபிடிக்கப்பட்ட 20 தொன் அக்பாலிலிக், அதை 'ஆண்' எண்டும் சொல்லுவினம், கொப்பன்கேகனில் இருக்கு.

வரலாறு படிக்கிற எனக்கு இதில் உறுத்துவது அந்தப் பேர்தான். சனம் வைச்ச பேருக்குள்ள ஒரு குடும்பம் இருந்தது: பெண், அவளின் நாய், அவளின் கூடாரம். மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அது கதை. 'அனிகிற்றோ' எண்டும் ஒரு இனுயிட் சொல்லைத்தான் எடுத்தார்கள், ஆனால் அது கொண்டுபோனவரின் மகளுடைய பேர். ஆகவே நூதனசாலையில் ஒரு பொருளைப் பார்க்கும்போது, இதுக்கு முதல் என்ன பேர் இருந்தது, ஆர் மாத்தினது எண்டு கேட்டுப் பாருங்கோ.