துருவைத் துடைக்கும் முன் கதையை எழுதுங்கள்



நாம் 'ஒரு வெள்ளி' என்று சொல்லிக் கொடுத்து வாங்கிய நாணயம் நினைவிருக்கிறதா? 1989-இல் வந்த அந்த நாணயத்தில் ஒரு கெரிஸ் இருந்தது. 2005 டிசம்பரில் அந்த நாணயம் செல்லாமல் போனது. எத்தனை முறை அதைக் கையில் எடுத்திருப்போம்! அந்தக் கெரிசை ஒரு முறையாவது உற்றுப் பார்த்தோமா?

அந்தக் கெரிசுக்குத் தென் பிலிப்பைன்சில் ஓர் உறவு உண்டு. சூலு, மிண்டனாவ் தீவுகளின் முஸ்லிம் மக்கள் வைத்திருந்த கிரிஸ் வாள்தான் அது. நம் நாட்டுக் கெரிஸ் குத்துவதற்கானது. அவர்களுடைய கிரிஸ் அகலமும் கனமும் கூடியது, வெட்டவும் உதவும். இடுப்பில் செருகும் சிறிய குத்துவாளைக் குனோங் என்பார்கள். ஆண்களோடு பெண்களும் அதை வைத்திருந்தார்கள்.

இவற்றில் சிலவற்றுக்கு வெள்ளி வேலைப்பாடு உண்டு. இரும்பில் மெல்லிய பள்ளம் வெட்டி, அதில் வெள்ளியை வைத்துத் தட்டி இறுக்குவார்கள். நகை செய்யும் பத்தருக்கு இந்த வேலையின் அருமை புரியும். இன்று உலகெங்கும் சேகரிப்பாளர்கள் இவற்றைத் தேடி வாங்குகிறார்கள்.

ஆனால் இவை எப்படி வெளிநாடு போயின? 1899-இல் அமெரிக்கப் படை அந்தத் தீவுகளுக்கு வந்தது. 1906-இல் புட் டாஜோவிலும் 1913-இல் புட் பக்சாக்கிலும் பலர் கொல்லப்பட்டார்கள். 1911-இல் ஆளுநர் பெர்ஷிங் மக்களின் ஆயுதங்களைப் பறிக்க உத்தரவிட்டார். சிப்பாய்கள் பல வாள்களை நினைவுப் பொருளாக ஊருக்குக் கொண்டு போனார்கள். வாள் போய்ச் சேர்ந்தது. அதை ஏந்தியவரின் பெயர் போய்ச் சேரவில்லை.

நம் தஞ்சாவூருக்கும் இந்தக் கதிதான். 1855-இல் கடைசி மராட்டிய மன்னர் இறந்த பிறகு அரண்மனை ஆயுதசாலை கலைக்கப்பட்டது. நிறைய ஆயுதங்களைப் பழைய இரும்புக்காக உடைத்தார்கள். தப்பியவை சென்னையிலும் வெளிநாடுகளிலும் உள்ள அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

இதைக் கெடா மக்களிடம் ஏன் சொல்கிறேன்? சுங்கைப் பட்டாணி அருகே ஒரு தோட்டத்தில் படப்பிடிப்புக்குப் போயிருந்தேன். ஒரு பாட்டி, துணியில் சுற்றிய குத்துவாள் ஒன்றைக் காட்டினார். தாத்தாவுக்கு யாரோ கொடுத்ததாம். பேரன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி இருந்தான். பதித்திருந்த வெள்ளிக் கம்பி உதிர்ந்து பள்ளம் மட்டுமே மிச்சம். "யார் கொடுத்தது பாட்டி?" என்றேன். "அது அவருக்குத்தான்பா தெரியும். அவர்தான் போய்ட்டாரே" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

சுங்கை பத்துவில் பழங்கால இரும்பு உலைகள் கிடைத்த மண் இது. அதே பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில் அடித்தளம் ஒன்றை இடித்துவிட்ட செய்தியும் 2013-இல் வந்தது. கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஆகவே என் வேண்டுகோள் இது. வீட்டில் பழைய கத்தியோ வாளோ இருந்தால் உப்புத்தாளை எடுக்காதீர்கள். உலர்ந்த துணியால் துடைத்து, இரும்பில் லேசாக எண்ணெய் தடவினால் போதும். பிறகு படம் எடுங்கள். யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு, யார் கொடுத்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி அதனோடு வையுங்கள்.

மண்ணில் பழம்பொருள் கிடைத்தால் மாவட்ட அதிகாரியிடம் சொல்ல வேண்டும் என்கிறது 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம். மரபுப் பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டு போக உரிமம் வேண்டும். தக்க காரணமின்றி ஆயுதத்தைப் பொது இடத்தில் எடுத்துத் திரிவதும் குற்றம்.

வெள்ளி பதித்த வாள் எல்லார் வீட்டிலும் இருக்காது. ஆனால் அம்மா கித்தா மரம் சீவிய உளி இருக்கலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நாம் நகரத்துக்கு வந்துவிட்டோம். அந்த உளியில் வெள்ளி இல்லை. ஆனால் அதைப் பிடித்த கையின் பெயர் நமக்குத் தெரியும். தெரிந்திருக்கும்போதே எழுதி வைப்போம்.