தும்பறையும் கும்பனியும்

வத்தேகம பஸ் நிலையத்தில் பன்விலைக்கோ மடுல்கலைக்கோ பஸ்ஸை எதிர்பார்த்து நிற்கும் இரண்டு தோட்டத்து ஆட்கள் பேசத் தொடங்கினால், ஊர் பெயருக்கு அடுத்ததாக வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "ஒங்க தோட்டம் கம்பனியா, ஜனவசமயா?" சம்பளம் எப்போது கிடைக்கும், லயத்துக் கூரைத் தகரம் மாற்றப்படுமா என்பவையெல்லாம் அந்த ஒரு பதிலில் அடங்கிவிடும். ஜனவசம என்பது அரசின் தோட்ட நிறுவனம். கம்பனி என்பது 1992இல் தோட்டங்களைப் பொறுப்பேற்ற பெருந்தோட்டக் கம்பனி. ஆனால் இதே சொல்லைக் கும்பனி, கும்பினி, கும்பினியார் என்று தமிழர் முதலில் வாயில் போட்டுக்கொண்டது வேறொரு கம்பனிக்காக. 1600 டிசம்பர் 31ஆம் திகதி எலிசபெத் அரசியிடம் பட்டயம் வாங்கிய லண்டன் வணிகர்களின் கிழக்கிந்தியக் கும்பனி அது.

அந்தக் கும்பனி ஒரு நாள்கூட வத்தேகமை அடங்கிய தும்பறையை ஆண்டதில்லை. கண்டி வீழ்ந்தபோது விழுந்தது பிரித்தானிய முடியின் கையில். கும்பனியின் கையில் அல்ல. என்றாலும் வத்தேகமையைச் சுற்றிய மலைகளில் இன்று யார் வாழ்கிறார்கள் என்று கேட்டால், விடையில் கும்பனியை விட்டுவிட முடியாது.

கும்பனிக்காரன் கண்டி இராச்சியத்துக்குள் கால் வைத்தது தூதனாக அல்ல, கைதியாக. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் கும்பனிச் சேவையிலிருந்த 'ஆன்' என்ற கப்பல் நடுப் பாய்மரத்தை இழந்தது. மரம் வெட்டிப் பொருத்திக்கொள்ளலாம், அப்படியே கொஞ்சம் துணியும் விற்கலாம் என்று அதைக் கொட்டியாரக் குடாவுக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு மூதூரில் கப்பல் தலைவர் றொபர்ட் நொக்ஸையும் அதே பெயர் கொண்ட மகனையும் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். தந்தை 1661இல் காய்ச்சலில் இறந்தார். மகன் தொப்பி பின்னி விற்றான், நெல்லை வட்டிக்குக் கொடுத்தான், வீடு கட்டினான். கைதியானாலும் கும்பனி வளர்த்த பிள்ளை, சும்மா இருக்கவில்லை!

பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1679இல், தோழன் ஸ்டீபன் றட்லண்டுடன் சில்லறை வியாபாரி வேடத்தில் வடக்கே நடந்தான். அநுராதபுரத்தை அடைந்தபோது அங்கிருந்தவர்கள் தமிழ் பேசினார்கள். நொக்ஸின் சிங்களம் அவர்களிடம் செல்லவில்லை. அங்கிருந்து மல்வத்து ஓயா என்னும் அருவியாற்றின் கரையைப் பிடித்துக் காடு வழியே இறங்கி, ஒல்லாந்தர் கோட்டையிருந்த அரிப்பில் கரையேறினான். 1681இல் லண்டனில் வெளிவந்த அவனது நூலைக் கண்டி வரலாறு எழுதும் எவரும் ஒதுக்க முடியாது. இந்த வழியை, மலைநாடு, அநுராதபுரம், அரிப்பு என்று, வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

அடுத்த நூற்றாண்டில் கும்பனி தூது அனுப்பியது. அப்போது கண்டி அரியணையில் மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். ஒல்லாந்தரோடு போர், மன்னனுக்கு ஆயுத உதவி தேவை. 1762இல் சென்னைக் கவுன்சில் உறுப்பினர் ஜோன் பைபஸ் திருகோணமலையில் இறங்கிக் கண்டிக்கு வந்தார். அரண்மனையில் அவரைக் காலணி கழற்ற வைத்து, திரும்பத் திரும்ப மண்டியிட வைத்தார்கள். பைபஸின் அறிக்கையில் அந்த எரிச்சல் நன்றாகவே தெரிகிறது. ஆனால் ஏமாந்தது மன்னன்தான். உதவி தருவதாக வாக்களிக்கும் அதிகாரமே பைபஸிடம் இருக்கவில்லை. கேட்டறிந்துகொண்டு வர வந்தவர் அவர். ஐரோப்பாவில் ஒல்லாந்தரோடு இங்கிலாந்துக்குச் சமாதானம் இருக்கையில் சென்னையார் கைநீட்ட மாட்டார்கள். பேச்சு அப்படியே நின்றது. 1765இல் ஒல்லாந்தர் கண்டி நகருக்குள் புகுந்தார்கள். மறு ஆண்டு உடன்படிக்கையில் கண்டி கடற்கரை முழுவதையும் இழந்தது.

இதைக் கண்டி மறக்கவில்லை. 1782இல் நிலைமை தலைகீழ். இப்போது ஒல்லாந்தர் ஆங்கிலேயரின் எதிரி. திருகோணமலை கும்பனிக்குத் தேவை. சென்னை ஆளுநர் மக்கார்ட்னி பிரபு ஹியூ பொய்ட் என்பவரை அனுப்பினார். பொய்ட் எழுத்தாளர், 'ஜூனியஸ்' என்ற புனைபெயரில் லண்டனைக் கலக்கிய கடிதங்களை இவர்தான் எழுதினார் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் கண்டியில் எழுத்துத் திறமை எடுபடவில்லை. கீர்த்தி ஸ்ரீ மறைந்து தம்பி இராஜாதி இராஜசிங்கன் புதிதாக அரியணை ஏறியிருந்தான். இருபது ஆண்டுகளுக்கு முன் கேட்டபோது ஏன் வரவில்லை என்ற கேள்வி எழுந்தது. உடன்படிக்கை என்றால் இங்கிலாந்து மன்னனோடு செய்யலாம், கும்பனியோடு அல்ல என்று முடித்துவிட்டார்கள். திரும்பும் வழியில் பொய்ட் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கிச் சிறைப்பட்டது தனிக்கதை.

கண்டியின் பதிலை ஆணவம் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது கணக்குத் தெரிந்த பதிலாகவே படுகிறது. அரசன் வாக்கை அரசன் காப்பான். கடைக்காரன் வாக்கு சரக்கு விலையோடு ஏறி இறங்கும்.

கரையோரத்தை 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து பறித்த கும்பனி அந்தக் கணிப்பை இரண்டே ஆண்டுகளில் மெய்ப்பித்தது. இலங்கையைச் சென்னையின் இன்னொரு மாவட்டம்போல் நடத்தக் கும்பனியின் சென்னை அதிகாரி றொபர்ட் அன்ட்ரூஸ் முனைந்தார். உள்ளூர்த் தலைமைக்காரரான முதலியார்களை ஒதுக்கிச் சென்னையிலிருந்து வரி வசூலிக்கும் அமில்தார்களையும் மொழிபெயர்க்கும் துபாஷிகளையும் கொண்டுவந்தார்கள். தென்னை மரத்துக்கு வரி போட்டார்கள். 1797இல் குடிகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1798இல் முடியின் ஆளுநராக பிரெடெரிக் நோர்த் வந்து சேர, 1802இல் இலங்கை முற்றாக முடிக்குரிய குடியேற்றமாயிற்று. கறுவா வாங்கும் உரிமையை மட்டும் கும்பனி கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

1815 பெப்ரவரி 18ஆம் திகதி கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் பிடிபட்டது நமது தும்பறையில், மெதமகாநுவரைக்கு அருகே. கண்டியை முடியிடம் ஒப்படைத்த மார்ச் 2ஆம் திகதி உடன்படிக்கையில் கும்பனியின் பெயர் இல்லை. ஆனால் கைதியான மன்னனை வைத்திருக்க ஓர் இடம் வேண்டுமே! 1816இல் அவனைக் கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள். கும்பனியின் வேலூர்க் கோட்டையில் 1832இல் இறக்கும்வரை வைக்கப்பட்டிருந்தான். கோட்டைக்குள் அந்தக் கட்டடம் இன்றும் கண்டி மகால்தான். கும்பனியோடு உறவே வேண்டாம் என்ற அரியணையின் கடைசி வாரிசுக்குக் கும்பனியே காவற்காரன்.

மன்னன் தமிழ்நாட்டுக்குப் போன சில ஆண்டுகளில் தமிழ்நாட்டவர் மன்னனின் மலைக்கு வரத் தொடங்கினார்கள். 1820களில் கம்பளையிலும் கன்னொருவையிலும் ஊன்றிய கோப்பி மெல்லத் தும்பறைப் பள்ளத்தாக்கிலும் ஏறியது. பழம் பறிக்க ஆள் வேண்டும். ஆள் இருந்தது கும்பனியின் சென்னை மாகாணத்தில்: நிலவரியைக் காசாகக் கட்ட வேண்டிய ரயத்துவாரிக் கிராமங்களில், நிலமே இல்லாத கூலிகளின் சேரிகளில். குடிபெயர்வுக்கு 1839இல் தடை போட்ட இந்தியக் கும்பனி அரசாங்கம், 1847இல் இலங்கைக்கு மட்டும் அதை நீக்கியது. ஆள் சேர்க்கும் கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்தான். அந்தப் பணம் கடனாகக் கணக்கில் ஏறிற்று.

வந்த வழி எது? மன்னார்க் கரையில், அரிப்பு போன்ற துறைகளில், தோணியிலிருந்து இறங்கி வன்னிக் காட்டுக்குள் நுழைந்து, மிகிந்தலை, தம்புள்ளை என்று 100 மைலுக்கும் மேல் நடந்து மாத்தளைக்கு ஏறினார்கள். நொக்ஸ் இறங்கிய பக்கமாகவே இவர்கள் ஏறினார்கள். நொக்ஸ் கத்தியும் பருத்தி நூலும் சுமந்து நடந்தான். இவர்கள் சுமந்தது கஞ்சிச் சட்டி, கம்பளி, இடுப்பில் பிள்ளை. வழியில் வாந்திபேதியில் விழுந்தவர்களை நடந்த கூட்டம் விட்டுவிட்டுப் போனது.

மாத்தளையில் நடை முடிகிற இடத்தில் ஒரு மரத்தடியில் முத்துமாரியைக் கும்பிட்டுவிட்டுத்தான் எல்கடுவைக்கும் வத்தேகமைக்கும் பிரிந்தார்கள். அந்த மரத்தடி 1874இல் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கைங்கரியத்தில் கோயிலாயிற்று. அதே ஆண்டு ஜூன் 1ஆம் திகதி லண்டனில் கிழக்கிந்தியக் கும்பனி சட்டப்படி கலைக்கப்பட்டது.