கூப்பன் புத்தகம் பிறந்த கதை

பர்மாவில் நெல் அறுத்தால்தான் இலங்கையில் உலை கொதிக்கும். 1942 வரைக்கும் நிலைமை இதுதான். நாட்டுக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கப்பலில் வந்தது. அதிலும் பெரும்பகுதி ரங்கூனிலிருந்து. வெள்ளைக்கார நிர்வாகத்துக்கு இதில் ஒரு கவலையும் இருக்கவில்லை. தேயிலையும் இறப்பரும் தேங்காயும் வெளியே போகும்; அந்தக் காசுக்கு அரிசி உள்ளே வரும். வன்னியிலும் ரஜரட்டையிலும் உடைந்த குளத்தைக் கட்டி வயல் திருத்துவதைவிட மலையில் தோட்டம் போடுவது லாபம் என்று கோப்பிக் காலந்தொட்டுப் போட்டுவந்த கணக்கு.

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8இல் ரங்கூன். மூன்று வாரத்துக்குள் அந்தக் கணக்குப் பொய்த்துவிட்டது. சயாமும் இந்தோசீனாவும் ஏற்கெனவே ஜப்பானியர் கைக்குப் போயிருந்தன. இந்தியாவிடம் கேட்கலாம் என்றால், வங்காளமே பர்மா அரிசியை எதிர்பார்த்திருந்த இடம். அடுத்த வருடம் அங்கே பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள்.

அதே நாட்களில்தான் இலங்கை படைத்தளமாக மாறிக்கொண்டிருந்தது. சிங்கப்பூர் போன பிறகு பிரித்தானியக் கடற்படைக்கு இந்தப் பக்கத்தில் மிஞ்சியவை திருகோணமலையும் கொழும்பும். படைக்கு வேண்டிய மாவையும் டின் இறைச்சியையும் படையே கொண்டுவந்துவிடும். ஆனால் கப்பலிலிருந்து மூட்டை இறக்குகிறவனுக்கு யார் சோறு போடுவது? ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் தேதி திருகோணமலை. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. கொழும்பில் கடைகள் மூடின. துறைமுகத் தொழிலாளர் திரளாக ஊருக்கு நடையைக் கட்டினார்கள். குண்டுக்குப் பயந்து ஓடினவனை, அரிசியும் இல்லாத பட்டணத்துக்கு எப்படித் திரும்பக் கூப்பிடுவது? சனத்துக்குச் சாப்பாடு என்பது அன்றைக்குத் தருமமல்ல, தளத்தைக் காப்பாற்றும் வேலை. அரிசியைப் பங்கிட்டுக் கொடுத்த கூப்பன் பிறந்தது இந்தப் பயத்தில்தான் என்பது என் எண்ணம்.

அப்போது ஆளுநர் சேர் அன்ட்ரூ கல்டிகொட். அவருக்கும் மேலாக, தீவு முழுவதற்கும் தளபதி என்று அட்மிரல் ஜெஃப்ரி லேட்டனை மார்ச் மாதம் நியமித்தார்கள். சிங்கப்பூரிலிருந்து கீழைக் கடற்படையின் எச்சத்தோடு வந்தவர். கையாலாகாத நிர்வாகம் எப்படி இருக்கும் என்பதைக் கண்டுவிட்டு வந்தவர். அவருக்கு வாய்த்த ஆள் ஒலிவர் குணதிலக்க. சிவில் பாதுகாப்புப் பொறுப்போடு உணவு ஆணையாளர் வேலையும் இவர் தலையில் விழுந்தது. அதற்கு முன் அவர் பார்த்த உத்தியோகம் கணக்காய்வாளர் நாயகம். கூப்பன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் இது நினைவுக்கு வராமல் போகாது: ஒவ்வொரு கொத்து அளவு அரிசிக்கும் ஒரு துண்டுக் காகிதம், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பதிவு.

தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை போலக் கூப்பன் புத்தகம் வீட்டுக்கு ஒன்று அல்ல, ஆளுக்கு ஒன்று. கைக்குழந்தைக்கும் உண்டு. உள்ளே கட்டம் கட்டமாகக் கூப்பன்கள். ஒரு கட்டம் ஒரு வாரம். குறித்த ஒரு கடையில் பதிந்துகொள்ள வேண்டும். கடைக்காரர் அந்த வாரத்துக் கட்டத்தை வெட்டி எடுத்துக்கொண்டு அரிசியை அளந்து போடுவார். வெட்டிய துண்டுகளைக் கணக்குக் காட்டினால்தான் அவருக்கு அடுத்த சரக்கு. உடலுழைப்பாளருக்குப் பங்கு கூட, பிள்ளைகளுக்குக் குறைவு. பிறப்பும் இறப்பும் உடனுக்குடன் பதிய வேண்டியதாயிற்று. புத்தகம் வேண்டியவர்கள் ஊர்த் தலைமைக்காரரான விதானையாரின் வாசலில் போய் நின்றார்கள். செத்தவர் பேரில் அரிசி வாங்கிய கதை எந்த ஊரில்தான் இல்லை?

முதலாளிமாரின் கடைகளை மட்டும் நம்பினால் பதுக்கலும் கள்ளச் சந்தையும் மிஞ்சும் என்பதால் கூட்டுறவுக் கடைகள் முளைத்தன. யுத்தத்துக்கு முன் விரல்விட்டு எண்ணக்கூடியதாக இருந்தவை, யுத்தம் முடியும்போது சுமார் 4,000. யாழ்ப்பாணத்துச் சங்கக்கடை ஊருக்கு ஊர் வேர்விட்டது அந்த வேகத்தில்தான். விவசாய அமைச்சர் டி. எஸ். சேனாநாயக்க காட்டை வெட்டிப் பயிரிடச் சொல்ல, அரசாங்கம் உள்ளூர் நெல்லை நிர்ணய விலைக்கு வாங்கியது. அப்படியும் கூப்பன் அரிசி வயிற்றுக்குப் போதவில்லை. மரவள்ளியும் குரக்கனும் ஈடு செய்தன. வடக்கில் ஒடியல் மாவு இருக்கவே இருந்தது. பட்டணத்துக்காரரின் பலகாரமாக இருந்த பாண், கோதுமைக் கப்பல்களின் புண்ணியத்தில் குடிசைக்கும் வந்தது. வந்தது திரும்பிப் போகவில்லை.

இலங்கைக்குப் பேரம் பேசக் கையில் ஒன்றாவது இருந்தது. மலாயா போன பின் நேசநாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரில் பெரும்பங்கு இலங்கையிலிருந்துதான் போக வேண்டியிருந்தது. இறப்பர் வேண்டுமென்றால் பால் வெட்டுகிறவன் சாப்பிட வேண்டும் அல்லவா?

1945இல் யுத்தம் முடிந்தது, 1948இல் வெள்ளைக்காரன் போனான், கூப்பன் மட்டும் போகவில்லை. அதற்குள் அது பற்றாக்குறையின் அடையாளமாக இல்லாமல், மலிவு அரிசிக்கான உரிமைப் பத்திரமாகிவிட்டது. 1953 ஜூலையில் கூப்பன் அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார்கள். ஆகஸ்ட் 12இல் நாடே ஹர்த்தாலில் இறங்கியது. அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். பிறகு வந்த எந்த அரசாங்கமும் அரிசிப் பங்கைத் தொடுவதற்குமுன் பலமுறை யோசித்தது. 1978இல் மாத வருமானம் 300 ரூபாய்க்கு மேற்பட்ட வீடுகளை வெட்டிவிட்டு, 1979இல் மற்றவர்களுக்கும் புத்தகத்துக்குப் பதிலாக உணவு முத்திரை என்று ரூபாய் மதிப்பு அச்சிட்ட தாளைக் கொடுத்தார்கள். அரிசி விலை ஏறியது. தாளில் அச்சிட்ட தொகை அப்படியே கிடந்தது.